மொட்டை மாடி ஆன்டெனா

மொட்டை மாடியில் அந்தக் காளான் வடிவ ஆன்டெனாவை வைத்த நாளிலிருந்தே அவளுக்கும் கொழுந்தனுக்கும் ஏழாம் பொருத்தம். அவள் பல்கலைக்கழக ஆய்வாளர். வழிகாட்டிச் செயற்கைக்கோள்களின் சிக்னல் தரைக்கு வரும் வழியில் மின்னூட்டம் நிறைந்த காற்றடுக்கு ஒன்று உண்டு. சில நாட்களில் பொழுது சாய்ந்ததும் அது குமிழ் குமிழாகக் கலங்கும், சிக்னலும் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தை அளப்பதுதான் அவள் வேலை. கொழுந்தனுக்கோ ட்ரோன் பறக்கவிட்டுப் படம் பிடிக்கும் தொழில். ட்ரோனும் அதே சிக்னலை வைத்துத்தான் வழி அறியும்.

மாலை நேரத்தில் அவன் ட்ரோன் இரண்டொரு முறை தடம் மாறியது. பழி ஆன்டெனா தலையில் விழுந்தது.

"உங்க குடைதான் என் சிக்னலைத் தின்னுது அண்ணி."

"அது வாங்கத்தான் செய்யும், எதையும் அனுப்பாது. இந்த மாசம் சாயங்காலத்துல வானம் சரியில்ல, பறக்க விடாதேன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனா இல்லையா?"

"ஆமா, வானத்து மேல பழியைப் போட்டுட்டு நீங்க தப்பிச்சுக்குங்க."

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் ஆன்டெனாவின் கேபிளை வெட்டிப் போட்டான். மாமியார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலையே ஒரு கடைத் திறப்பு விழாவில் ட்ரோன் தறிகெட்டு ஓடி, ஒரு பெண்ணின் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்தது. போலீஸ் வழக்கானது.

விடிந்ததும் அவள் அறை வாசலில் வந்து நின்றான்.

"நேத்து வானம் கலங்கியிருந்துச்சுன்னு ஒரு சான்று வேணும். வக்கீல் கேக்குறார்."

"எதை வச்சுக் குடுக்க? கேட்டுக்கிட்டிருந்த காதை நீதானே அறுத்தே."

கணவன் குறுக்கே புகுந்தான். "உங்க டிபார்ட்மென்ட் மாடியிலயும் ஒண்ணு இருக்கே?"

அவனைப் பார்வையாலேயே எரித்தாள்.

"இருக்கு. அதோட பதிவைப் பார்த்துட்டேன். வானம் கலங்கித்தான் இருந்துச்சு. கோர்ட்ல வந்து சொல்றேன். முன்கூட்டியே நான் எச்சரிச்சதையும் சேர்த்துச் சொல்லுவேன்."

கொழுந்தன் முகம் செத்துப்போயிற்று.

"கூடப்பிறந்தவங்களைப் பிரிக்கவே வந்து சேர்ந்தியா?" என்றார் மாமியார்.

"கேபிளை வெட்டினப்போ இந்த வாய் எங்க போச்சு அத்தை?"

எச்சரிக்கை விஷயமும் வெளியே வந்துவிடும் என்று வக்கீல் அந்தப் பதிவைக் கேட்கவே இல்லை. ட்ரோன் உரிமம் ரத்தானது. அவள் ஆன்டெனாவைக் கழற்றிக்கொண்டு வாடகை வீடு பார்த்துப் போனாள். கணவனைக் கூப்பிடவில்லை. சில நாள் கழித்து அவனாகவே ஒரு பெட்டியோடு வந்து நின்றான். கதவைத் திறந்துவிட்டாள். பேசத்தான் இல்லை.