நாலு சென்டிமீட்டர்

கணக்கில் தன்னை யாரும் மடக்க முடியாது என்பது தையல்காரியின் நினைப்பு. தங்கைக்குக் கோட்டு தைக்க உட்கார்ந்தபோதும் அந்தத் திமிர் குறையவில்லை. பதினோரு வருடம் வீட்டோடு இருந்த தங்கைக்கு வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஓர் அலுவலகத்தின் வரவேற்பு மேசையில் உட்கார வேண்டும்.

துணிமேல் வைத்து வெட்டத் தங்கையின் அளவுக்கு வெட்டுத்தாள் ஒன்று இருந்தது. ஆனால் அது கோப்பில் அடங்கட்டும் என்று எப்போதோ எண்பது சதவீதமாகச் சுருக்கி எடுத்த நகல். பெரிய தாள் கிழிந்து போயிருந்தது. ஜெராக்ஸ் கடைக்குப் போனாள்.

"இருபது சதவீதம் குறைச்சிருக்கு. இருபது கூட்டிக் குடுங்க."

"நூத்தி இருபதா? சரியா வருமாம்மா?" என்றார் கடைக்காரர்.

"எனக்கே கணக்கா? போடுங்க."

வம்பு எதற்கென்று அவர் போட்டுக் கொடுத்தார். சொந்தத் தாளையே அளந்து பார்ப்பார்களா என்ன? அவளும் அப்படியே துணியை வெட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை தங்கை போட்டுப் பார்த்தாள். பட்டன் திணறியது.

"வீட்ல உக்காந்து தின்னா இப்படித்தான்," என்று அக்கா சிரித்தாள்.

"வெள்ளிக்குள்ள சரியாயிடும்க்கா," என்று தங்கையும் சிரித்துவிட்டுப் போனாள்.

வியாழன் மாலை வந்தபோது அவள் கன்னம் ஒட்டியிருந்தது. பட்டன் அப்போதும் திணறியது.

"இந்த உடம்பை வச்சுக்கிட்டு நாலு பேர் முன்னாடி உக்கார முடியாது. நான் வேலைக்குப் போகலக்கா."

அக்கா கோட்டை வாங்கி மேசையில் விரித்து நாடாவை வைத்தாள். சுற்றளவு நூறு சென்டிமீட்டர் இருக்க வேண்டியது, தொண்ணூற்றாறுதான் இருந்தது. துணியின் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நூறு, எண்பதாகியிருக்கிறது. எண்பதில் இருபது சதவீதம் பதினாறுதானே! பாழாய்ப்போன திமிர்.

துணி சுருங்கிவிட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். மனசு வரவில்லை.

"உன் உடம்புல ஒண்ணும் இல்லடி. நூத்தி இருபத்தஞ்சு போடச் சொல்லணும், நான் நூத்தி இருபது போடச் சொல்லிட்டேன். தப்பு என்னுது. ரெண்டு பக்கமும் உள்ள துணி விட்டிருக்கேன். இப்பவே பிரிச்சுத் தைச்சுடறேன். நாளைக்கு நீ போற."

தங்கை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மூணு நாளா ராத்திரி சாப்பிடலக்கா," என்றாள்.