பெட்டியின் வாயில் பிளாஸ்டர்

ஒட்டினது என் கைதானே. இந்த ஒரு நினைப்பு ஒரு வாரமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது.

சூடு தாங்காத ஆஸ்பத்திரிக் குழாய்களை வாயு செலுத்திக் கிருமி நீக்கும் அறை அது. வாயு கசிந்தால் அலற, சுவரில் உயரமாக ஒரு வெள்ளைப் பெட்டி. இயந்திரத்தைத் திறக்கும்போதெல்லாம் அலறியது. பக்கத்து ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்கள் எரிந்து விழுந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன், பெட்டி வாயுவை உணரும் சல்லடை மேல் பிளாஸ்டர் ஒட்டச் சொன்னார்கள். எல்லோரும் ‘ஏணி’ என்று கூப்பிடும் அவளுக்குத்தான் ஸ்டூல் இல்லாமல் எட்டியது. கீழேயிருந்து பார்த்தால் ஒட்டியதே தெரியாது. அன்றிலிருந்து பெட்டி வாய் திறக்கவில்லை. அவளும் தினமும் வாயுக் கசிவு அளவுத் தாளில் பூஜ்யம் எழுதினாள். வாசனையே இல்லையே, அப்புறம் என்ன பயம்?

வாசனை தெரிவதற்குள் அளவுக்கு மீறி மூச்சில் போயிருக்கும், அது கருவையும் கலைக்கலாம் என்பதைப் போன வாரப் பயிற்சி வகுப்பில்தான் கேட்டாள். பக்கத்து நாற்காலியில் தங்கை தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். கெஞ்சிக் கூத்தாடி இந்த அறையில் இவளே வேலை வாங்கிக் கொடுத்த தங்கை. போன வருஷம் அவளுக்குக் கரு கலைந்தது. இப்போது மறுபடி மூன்றாம் மாதம். காரணம் சொல்ல முடியாது, பலருக்கும் நடப்பதுதான் என்றிருந்தார் டாக்டர். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. வாயுதான் என்றிருந்தால் தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். இல்லை என்றிருந்தால் தூங்கியிருக்கலாம்.

இன்று காலை பிளாஸ்டரைப் பிய்த்தாள். இயந்திரம் திறந்ததும் பெட்டி அலறியது. எல்லோரும் வெளியே ஓடினார்கள்.

அலறல் ஓய்ந்தபின் சூப்பர்வைசர் வந்தார். எதற்கும் ‘பரவால்ல’ என்பதால் அவருக்கு ‘பரவால்ல சார்’ என்றே பெயர். காற்றை வெளியேற்றும் விசிறி கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். போன வருஷமும் அதையேதான் சொன்னார். தங்கையை மாற்ற வேறு பிரிவில் இடமில்லையாம். நாளை சோதனைக்கு ஆட்கள் வருகிறார்களாம்.

தங்கை இவள் முழங்கையைக் கிள்ளினாள். “பேசாம ஒட்டிடுக்கா. எனக்கு வேற வேலை யாரு குடுப்பா?”

“நாளைக்கு ஒரு நாள்தாம்மா,” என்று அவர் பிளாஸ்டர் சுருளை நீட்டினார். “உனக்குன்னா எட்டும். இல்லேன்னா உன் தங்கச்சியத்தான் ஸ்டூல்ல ஏத்தணும்.”

எப்படியும் யாராவது ஒட்டிவிடுவார்கள். அது அவளுக்குத் தெரியும்.

“எட்டும் சார்,” என்றாள்.

சுருளை வாங்கவில்லை. அறையிலிருந்த ஒரே ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.