தந்தையாரின் ஜல்லி

கருவடிக்குப்பத்தில் மாப்பிள்ளை வீட்டில் இலை போட்டாகிவிட்டது. சம்மதம் என்றால்தான் பெண் வீட்டாரான நாங்கள் அங்கே கை நனைப்போம். அதற்கு முன் நாங்கள் யார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? நான் எழுந்து நின்றேன். இதையெல்லாம் உட்கார்ந்துகொண்டு சொல்லக் கூடாது.

வில்லியனூருக்கு மேற்கே, ரயில் பாதையோரம், என் தந்தையார் காத்தவராயன் கல் உடைக்கும் மில் நடத்தினார். இன்று அங்கே வேலிக்காத்தான் முள்தான் இருக்கிறது. அன்று மில் ஓடினால் பக்கத்து ஊர்ப் பாத்திரங்கள் பரணிலிருந்து தாமாக இறங்கும். மில்லைக் கடக்கும்போது ரயிலில் எல்லோரும் ஜன்னல் பலகையை இறக்கிவிடுவார்கள். தூசிக்குப் பயந்து என்பார்கள் சிலர். நான் அதை மரியாதை என்றே வைத்திருக்கிறேன். விழுப்புரம் வரை தண்டவாளத்துக்கு அடியில் கிடந்தது எங்கள் ஜல்லி.

"இத்தன வருஷமா ஊரே எங்கப்பா மேலதான் போயி வந்துது" என்று முடித்தேன்.

மாப்பிள்ளையின் தகப்பனார் சாமிக்கண்ணுவின் முகம் மலர்ந்தது. "அட, அந்தக் கல்லா சம்மந்தி! அகல ரயில்பாதை போட்டப்ப பழைய ஜல்லிய வாரி ஓரமாப் போட்டாங்கல்ல, நாந்தான் ஒரு லோடு ஓட்டியாந்தேன். இரும்பு மாதிரி கல்லு!"

என் மார்பு விரிந்தது. "வீட்டு அஸ்திவாரத்துக்கா?"

"கக்கூசுக்கு."

பந்தியே சிரித்தது. என் தங்கை லட்சுமியும் சிரித்தாள். நான் துண்டை உதறித் தோளில் போட்டேன். "செல்வாம்பா, கெளம்பு. இந்தச் சம்மந்தம் வேணாம்."

சாமிக்கண்ணு பதறிப்போனார். "தெரியாமப் பண்ணிட்டேன் சம்மந்தி. நாளைக்கே இடிச்சிடறேன்."

என் மனைவி செல்வாம்பாள் அசையவில்லை. "அவரு ஏன் இடிக்கணும்? ரயிலு கக்கூசு ஓட்ட கீழ எங்க தொறந்திருந்துது? ஒங்கப்பா உசுரோட இருந்தப்பவே அந்தக் கல்லு மேலதான எல்லாம் வுழுந்துது. இவராவது கதவு போட்டு, ஓடு பதிச்சி வெச்சிருக்காரு. நம்ம பொண்ணு பூர்ணிமா வீட்டுல வாசல பாத்துக்கினு கெடக்கா. ஒக்காந்து சாப்புடுங்க."

இப்படி ஒரு கோணம் இருப்பதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. பூர்ணிமாவுக்காக உட்கார்ந்தேன். கோபத்தை யாரிடமும் காட்ட முடியாததால் சாம்பாரை இரண்டு முறை வாங்கினேன். பாயசத்தையும் விடவில்லை.

வயிறு என் கௌரவத்தைப் பார்க்கவில்லை. சாமிக்கண்ணுதான் கொல்லைப்பக்கம் அழைத்துப்போனார். கதவைத் திறந்தேன். படியோரம் சிமெண்ட் பெயர்ந்த இடத்தில் ஒரு கருங்கல் முனை துருத்திக்கொண்டிருந்தது. எங்கள் கல்தான், எங்கும் அடையாளம் தெரியும்.

செருப்பைக் கழற்றி வெளியே ஓரமாக வைத்தேன்.

"செருப்போடயே போங்க சம்மந்தி, உள்ள ஈரமா இருக்கும்."

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வலது காலை எடுத்து வைத்தேன்.