பாவம், யசிந்தா

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் யசிந்தா அல்ல, அவளுடைய அக்கா றெஜினா. குருநகர்ச் சந்தையில் எனக்கு விளைமீன் வெட்டிக்கொண்டே சொன்னாள். யசிந்தாவுக்குப் பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் இல்லை. எழுதப் பழக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குள் வளர்ந்த ஒரு கைப்பாஷை உண்டு; அதை முழுதாக அறிந்தவள் உலகத்திலேயே றெஜினா ஒருத்திதான். ஆகவே நீங்கள் வாசிப்பது மொழிபெயர்ப்பாளரின் கதை. அவளை நம்பலாமா என்பதை மூன்றாம் பகுதியில் பார்ப்போம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கடலின் இரைச்சலும் எட்டாத அந்தத் தூய உள்ளத்தில்…’

(நிறுத்திவிட்டேன். ஊரும் இதைத்தான் சொல்கிறது.)

யசிந்தாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. இறால் உரிக்கும் கொட்டிலில் வேலை. எல்லாரும் அவளைப் ‘பாவம்’ என்பார்கள். அவளுக்குப் பாவம் இருக்குமென்று மட்டும் நம்பமாட்டார்கள். தவக்காலத்தில், சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பாள். பழைய சுவாமியார் அவள் கையைத் தூக்குமுன்பே நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பிவிடுவார்.

“சம்மனசுக்கு என்ன பாவம்?”

அவளை வானதூதர் ஆக்கியதில் பின்னால் நிற்கும் பெண்கள் உருகிப்போவார்கள். மற்றவர்கள் பாரத்தை இறக்கிவிட்டு வீடு போக, யசிந்தா கொண்டுவந்ததையே திரும்பச் சுமந்துகொண்டு போவாள்.

3

இந்த வருடம் புதிய சுவாமியார் வந்தார். முறைப்படி செய்கிறவர். றெஜினாவையும் வரச்சொல்லி, பீடத்துக்குப் பின்னாலிருந்த அறையில் இருவரையும் இருத்தினார். யசிந்தாவின் கைகள் எழும்பின, நெஞ்சில் அடித்தன, ஓரிடத்தில் றெஜினாவையே சுட்டின.

(இதைச் சொல்லும்போது மீன் வெட்டிய கத்தி நின்றது. நான் கவனித்தேன்.)

“என்னவாம்?” என்றார் சுவாமியார்.

“பொய் சொன்னவளாம், சுவாமி. ஆரோடையோ கோவிச்சவளாம். அவ்வளவுதான்.”

யசிந்தா அக்காவின் உதடுகளையே பார்த்திருந்தாள். இவ்வளவு நீளமாகச் சொன்னது இத்தனை சுருக்காக முடிந்ததை அறியக் காது தேவையில்லை. எழுந்து, கதவைத் திறந்து, அக்காவை வெளியே போகச் சொன்னாள்.

‘நான் போனால் ஆர் இவருக்கு விளங்கப்படுத்துறது?’ றெஜினா கைகளால் கேட்டாள்.

யசிந்தா மேலே காட்டினாள். ‘அங்கை இருக்கிறவருக்கு விளங்கினால் காணும்.’

4

இங்கே என்னிடம் வேறு முடிவுகளும் இருந்தன. (அ) யசிந்தாவுக்குப் பேச்சு வருகிறது. இதை எழுதினால் சில செபக்கூட்டங்களில் எனக்கு மேடை கிடைக்கும். (ஆ) சுவாமியார் கண்ணீர் மல்க அவள் காலில்… வேண்டாம்.

நடந்தது இதுதான். றெஜினா கதவு நீக்கலால் பார்த்தாள். யசிந்தா அதை எதிர்பார்த்தவள்போல் முதுகைக் காட்டியபடி இருந்தாள். முழங்கைகள் ஆடுவது மட்டும் தெரிந்தது. நெடுநேரம் ஆடின. சுவாமியார் ஒன்றும் விளங்காமல், ஆனால் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் ஓய்ந்ததும் மன்னிப்புச் செபத்தைச் சொல்லி, செபமாலையைக் காட்டி, பரிகாரமாக ஒருமுறை சொல்லென்று ஒரு விரலை உயர்த்தினார்.

ஒன்றா! யசிந்தா இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிப் பத்து விரல்களையும் விரித்தாள். சுவாமியார் ஐந்து காட்டினார். அவள் இறங்கவில்லை. பத்துக்குத் தீர்ந்தது. குருநகரில் சொன்ன விலைக்குமேல் கேட்டு வாங்கிய ஆள் அவளாகத்தான் இருக்கும்.

5

பெரிய வெள்ளிவரை தினமும் யசிந்தா கோயிலில் முழங்காலில் இருந்தாள். கால் நொந்தது, முகம் தெளிந்திருந்தது. ‘அப்பிடி என்னடி செய்தனீ?’ என்று றெஜினா இன்னமும் கேட்கிறாள். யசிந்தா இறால் உரித்த கையைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

“அண்ணை, நீங்கள் கதை எழுதிற ஆள்தானே,” என்றாள் றெஜினா, மீனைப் பையில் போட்டபடி. “என்னவா இருக்கும்?”

களவு என்று எழுதினேன். அழித்தேன். காதல். அதையும் அழித்தேன். அக்காவுக்கு அவள்…

எனக்குத் தெரியாது. நீங்கள் யோசியுங்கள். யோசிப்பதானால் பெரிதாக யோசியுங்கள். சின்னப் பாவமாகக் கொடுத்தால் யசிந்தா ஏற்கமாட்டாள்.