ஒரு படி சாமை

ஜம்புவின் மலையில் பெண்ணைச் சுலபத்தில் கொடுத்துவிட மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு படி சாமையோடு வந்து, "பொண்ணைத் தா" என்று கேட்க வேண்டும். "தர முடியாது" என்று பதில் வரும். இரண்டாம் முறையும் அதே பதில். மூன்றாம் முறைதான் படி கைமாறும். கேட்டவுடன் தூக்கிக் கொடுத்தால் சரக்கில் ஏதோ கோளாறு என்று ஊர் நினைக்காதா?

அவள் செத்துப்போனால் முறை அப்படியே திரும்பும். அண்ணன்காரன் ஒரு படி சாமையோடு வந்து, "எங்க பொண்ணைத் திருப்பித் தா" என்று மூன்று முறை கேட்பான். புருஷன் இரண்டு முறை மறுப்பான். கேட்க ஆளில்லாமல் போகிறவளை அநாதைப் பிணம் என்பார்கள்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், ஜூலை மழையில், பிழைக்கப் போன மராட்டிய ஊரான ரஞ்சன்காவில் ஜம்புவின் மனைவி கனகவல்லி காய்ச்சலில் போனாள். அவள் அண்ணன் போனில் அழுதான்; வந்து சேர இரண்டு நாளாகும். வாசலில் ஆம்புலன்ஸ் டிரைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வந்திருந்தவர்களில் தமிழர் ஒருவர்தான். ஜம்பு வேலை செய்யும் ஃபேக்டரியில் ஆபீசர், கோயம்புத்தூர் ரங்கராஜன்.

"சார், அவ அண்ணன் இடத்துல நீங்க நிக்கணும். பொண்ணைத் திருப்பித் தான்னு கேளுங்க."

சாமை கிடைக்கவில்லை. மராட்டிக்காரர்கள் விரதத்துக்குச் சமைக்கும் பகர் அரிசியை ஒரு படி அளந்து அவர் கையில் கொடுத்தான். மூன்று முறை என்று சொல்லவில்லை. மலையில் யாரும் யாருக்கும் அதைச் சொன்னதில்லை.

ரங்கராஜன் தொண்டையைச் செருமினார். "எங்க பொண்ணைத் திருப்பிக் குடுங்க."

"தர முடியாது."

ரங்கராஜன் மரியாதை தெரிந்தவர். விலை கட்டுப்படியாகாவிட்டால் கடைக்காரனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியேறுகிற ரகம். படியை ஓரமாக வைத்தார்.

"உங்க மனசு புரியுதுங்க ஜம்பு. நான் கட்டாயப்படுத்தலைங்க."

ஜம்பு காத்து நின்றான். இரண்டாவது கேள்வி வரவில்லை. இன்னொரு தடவை கேளுங்கள் என்று தானே சொன்னால், அவளைத் தள்ளிவிட அலைகிற மாதிரி ஆகிவிடும்.

தள்ளுவண்டியில் காய் விற்கும் வைஷாலி கதவோரம் நின்றிருந்தாள். கனகவல்லியோடு மூன்று வருஷம் தினமும் மல்லுக்கு நின்றவள். கனகவல்லிக்கு இந்தியும் வராது, மராட்டியும் வராது, விரல்களாலேயே பேரம். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நாலடி போய் நிற்பாள். வைஷாலி கூப்பிடுவாள்.

என்ன நடக்கிறதென்று ரங்கராஜனிடம் இந்தியில் விசாரித்தாள்.

"ஒரு தடவை மாட்டேன்னதும் விட்டுட்டீங்களா? நல்ல அண்ணன்தான்" என்று படியைக் கையில் எடுத்தாள். "எங்க பொண்ணைக் குடு, பாவு" என்றாள் ஜம்புவிடம், மராட்டியில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி.

"தர முடியாது."

"நீ வச்சிருந்தது போதும். எங்க பொண்ணு. குடு."

இன்னொரு "முடியாது" ஜம்புவின் நாக்கு நுனிவரை வந்தது. இரண்டுக்கு மேல் மறுக்க மலையில் எவனுக்கும் உரிமையில்லை. கையை நீட்டிப் படியை வாங்கிக்கொண்டான். பிறகு கனகவல்லியைத் தூக்கினார்கள்.

மறுநாள் காலை தள்ளுவண்டி வந்தது. குறைக்க இடம் வைத்து, வைஷாலி எப்போதும்போல் கத்திரிக்காய்க்கு விலை சொன்னாள். ஜம்பு பேரம் பேசாமல் அவள் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனான். அவள் வெகுநேரம் வண்டியை நகர்த்தவில்லை.