கட்டு எடுத்து வைத்த கதை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல, மாடிப்படியில் கிடைத்தது. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் நான் குடியிருக்கும் மாடி வீட்டுக்குப் படியேறினால், பாதியில் கீழ்வீட்டுச் சமையலறை ஜன்னல் காதுக்கு நேராக வரும். யுகாதியன்று காலை அங்கே செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்து நின்றேன். வார் நன்றாகத்தான் இருந்தது.

காதில் விழாத பாதியை மறுநாள் அந்த வீட்டு மணிமேகலையே வந்து சொன்னாள். எழுதட்டுமா என்றேன். "எழுதுங்க சார். ஆனா எங்க அத்தைய மட்டும் கெட்டவளாப் போட்றாதீக" என்றாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மாமியார் கெட்டவளாக இல்லாத சமையலறைக் கதை எழுதி எனக்குப் பழக்கமே இல்லை.

இதற்கு நடுவில் பாஸ்கரன் வேறு. சென்னையில் ஒரு பத்திரிகையின் ஆசிரியர். பண்டிகைச் சிறப்பிதழுக்குக் கதை கேட்டவர், கதை வருவதற்கு முன்பே படம் வரையச் சொல்லிவிட்டார். படம் என் கைப்பேசிக்கு வந்தது. விறகடுப்பு, புகை, கண்ணைத் துடைக்கும் பெண். "சார், மூக்கண்டப்பள்ளி வாடகை வீட்டில் விறகடுப்பு வைத்தால் வீட்டுக்காரர் எங்களையே அடுப்பில் வைத்துவிடுவார்" என்றேன். "கதையில ஒரு எடத்துல புகை மட்டும் வர்ற மாதிரி பாத்துக்குங்க" என்றார். பார்க்கலாம்.

2

தொடக்கம் ஒன்று: மூக்கண்டப்பள்ளியின் கீழ்வானில் செங்கதிரோன் தன் பொற்கரங்களை நீட்டி

வேண்டாம். இங்கே காலையில் வானத்தைப் பார்ப்பவர் யார்? எல்லோரும் கம்பெனி பஸ் வருகிறதா என்று ரோட்டைத்தான் பார்ப்பார்கள்.

தொடக்கம் இரண்டு: இரு மாநிலங்களுக்கு நடுவே ஒரு எல்லை; அவள் இதயத்துக்குள்ளும் ஒரு

இது பாஸ்கரனுக்கு ரொம்பப் பிடிக்கும். அதனாலேயே அடித்துவிட்டேன்.

தொடக்கம் மூன்று: மணிமேகலை துவரம்பருப்பைக் கழுவினாள்.

சரி, இது இருக்கட்டும்.

3

மணிமேகலை துவரம்பருப்பைக் கழுவினாள். சாத்தூர்ப் பக்கத்துப் பெண். வேலை தேடி ஓசூருக்கு வந்து, வண்டிகளுக்கு ஒயர் கட்டும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். அதே கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன் நவீன்குமார். ஓசூருக்குப் பக்கத்துப் பேரிகை ஊர்க்காரன், வீட்டில் தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம். அவள் கட்டிய ஒயரில் இவன் குறை கண்டுபிடிப்பான். குறையே இல்லாத நாளிலும் வந்து நிற்க ஆரம்பித்தான். பிறகு ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம்.

[இந்த இடத்தில் அவள் தன் கணவனை "ஏலே நவீனு" என்று கூப்பிடுவதாக எழுதியிருந்தேன், மண்வாசனைக்காக. படித்துவிட்டு மேலே ஏறி வந்துவிட்டாள். "எங்கூர்ல எந்தப் பொம்பள சார் புருசன ஏலேன்னு கூப்புடுறா? சினிமா பாத்து எழுதுறீகளா?" என்றாள். எடுத்துவிட்டேன்.]

நவீன்குமாரின் அப்பா நாராயணப்பன் மகனுக்குப் பேரிகையிலேயே பெண் பார்த்து வைத்திருந்தவர். கோபித்தார், கத்தினார், பிறகு அதையும் நிறுத்திவிட்டார். பொங்கலுக்கு இவர்கள் பேரிகைக்குப் போனபோது மருமகள் எதிரிலேயே நிற்க, "தண்ணி குடிச்சாச்சான்னு கேளுடா" என்று மகனிடம் சொன்னார். அவள் குடித்தேன் என்றால் அவன் "குடிச்சாளாம்" என்பான். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளன். தமிழிலிருந்து தமிழுக்கு.

இந்த யுகாதிக்கு அவரை மகன் வீட்டுக்கு வரவைத்தது நவீன்குமாரின் அம்மா சரோஜம்மாள். சாதாரணக் காரியமில்லை. நாராயணப்பனுக்குச் சக்கரை வியாதி. ஒப்பட்டை, அதாவது உங்கள் ஊர் போளியை, அவர் வாயில் வைக்கக்கூடாது. பாயசம் கூடாது. யுகாதி என்று அவருக்கு மிச்சமிருப்பது ஒப்பட்டுச் சாறு மட்டும்தான். ஒப்பட்டுக்குப் பருப்பு வேகவைத்து வடித்த தண்ணீரில் புளி, கொப்பரை, மிளகாய்ப்பொடி போட்டுக் கொதிக்கவிடும் ரசம் அது. அதற்காக மனிதர் வருஷம் முழுக்கக் காத்திருப்பார். சரோஜம்மாள் அங்கேதான் தூண்டிலைப் போட்டார்: "இந்த வருசம் சாறு நம்ம பையன் வூட்லதான் வைப்பேன். வேணும்னா வாங்க. இல்லன்னா இங்கயே தயிர ஊத்தித் தின்னுங்க."

வருகிறேன் என்றார். மணிமேகலைக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த மனிதர் தன்னிடம் நேராக ஒரு வார்த்தை பேச வேண்டும். அவ்வளவுதான் கதை. இதற்கு எதற்கு விறகடுப்பு?

4

முந்தின நாள் சரோஜம்மாள் போனில் சொன்னது இது: "பருப்ப மலர வேகவச்சி, கட்டு எடுத்து வச்சிடும்மா. மிச்சத்த நான் வந்து பாத்துக்கறேன்."

"சரிங்கத்தை" என்றாள் மணிமேகலை.

[வாசகரே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் ஓசூர், தளி, பேரிகைப் பக்கம் என்றால் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் பக்கத்துத் தெலுங்கிலும் கன்னடத்திலும், இரண்டையும் தினம் காதில் வாங்கும் எங்கள் தமிழிலும் கட்டு என்றால் பருப்பு வெந்த தண்ணீர். சாத்தூரில் கட்டு என்றால் கட்டுவதுதான்.]

அவள் பருப்பை மலர வேகவைத்தாள். புதுத் துண்டு ஒன்றில் கொட்டி, நாலு முனையையும் சேர்த்து, கம்பெனியில் ஒயர் கட்டிப் பழகிய கையால் இறுக்கிக் கட்டினாள். பாத்திரம் தேய்க்கும் தொட்டியின் குழாயில் தொங்கவிட்டாள். பூரணம் இளகாமல் வர வேண்டும் என்றுதான் அத்தை கட்டச் சொல்கிறார் என்று அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டாள். மஞ்சளாக, மணமாக, நாராயணப்பனின் யுகாதி முழுவதும் சொட்டுச் சொட்டாகச் சாக்கடைக்குள் போனது.

5

பேரிகையிலிருந்து வந்து இறங்கினார்கள். நாராயணப்பன் கூடத்தில் உட்கார்ந்து டிவியில் பஞ்சாங்க பலன் பார்க்க ஆரம்பித்தார். சரோஜம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைக்குள் வந்தார். மாங்காய்ச் சித்ரான்னம் தயார், பாசிப்பருப்புக் கோசம்பரி தயார், வேப்பம்பூவும் வெல்லமும் தயார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, "கட்டு யாட பெட்னாவு?" என்றார். பிறகுதான் நினைவு வந்து தமிழுக்கு மாறினார்.

"கட்டு எங்கம்மா வச்ச?"

"இந்தா இருக்கு அத்தை." குழாயில் தொங்கிய மூட்டையைக் காட்டினாள்.

"இது பருப்பு."

"ஆமா அத்தை. பருப்புக் கட்டு."

"பருப்பு சரிம்மா. கட்டு எங்க?"

"இதான் அத்தை. நல்லா இறுக்கிக் கட்டியிருக்கேன். ஒரு சொட்டுத் தண்ணி இல்ல பாருங்க."

"ஒரு சொட்டு இல்லியா?"

"இல்ல அத்தை" என்றாள் மணிமேகலை, பாராட்டு வரப்போகிறது என்று நினைத்து.

சரோஜம்மாள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கூடத்திலிருந்து நாராயணப்பன் குரல் வந்தது: "சாறு வாசனயே வரலியே. கொதிக்குதா, இல்லியா?"

அத்தையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் மணிமேகலைக்கு விஷயம் விளங்கியது. வந்த மனிதரையும் நானே துரத்திவிட்டேன், இனி இந்தப் படியை மிதிக்க மாட்டார் என்று நினைத்தாளாம். பாவமாக இருந்தது எனக்கு. படியிலிருந்து இறங்கிப் போய் ஏதாவது சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. ஒட்டுக்கேட்பவனுக்கு அந்த வசதி கிடையாது.

6

நவீன்குமார் உள்ளே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் ஒரு தரப் பரிசோதகன் செய்ய வேண்டியதைச் செய்தான்.

"ரூட் காஸ், மூல காரணம் என்னன்னு பாக்காம எதுவும் பண்ணக்கூடாது. ஏன் கட்டு இல்ல? கொட்டியாச்சு. ஏன் கொட்டினா? வேணாம்னு நெனச்சிட்டா. ஏன் அப்பிடி நெனச்சா? வார்த்த தப்பாப் புரிஞ்சிது. ஏன் தப்பாப் புரிஞ்சிது? சொன்னவங்க சரியா" என்று வந்தவன், சொன்னவர் எதிரிலேயே கரண்டியோடு நிற்பதைப் பார்த்து நிறுத்தினான்.

"சொல்லு. நிறுத்தாத" என்றார் சரோஜம்மாள். "ரெண்டு வருசமா குடும்பம் நடத்துற. கட்டுன்னா என்னான்னு பொண்டாட்டிக்கு ஏன் சொல்லித் தரல? அதயும் எழுதிக்க."

"அம்மா, அது வந்து"

"நீ போயி டிவி சத்தத்த ஏத்து."

7

இனி முடிவு. கதையை விற்க வசதியாக மூன்று முடிவுகள் கைவசம் உண்டு.

(அ) பாஸ்கரனின் முடிவு. சரோஜம்மாள் கண்கலங்கி, "கொட்டிப் போனது தண்ணிதாம்மா, நம்ம உறவு இல்ல" என்று அவளைக் கட்டிக்கொள்கிறார். இங்கே புகையைப் போட்டுக்கொள்ளலாம். படமும் வீணாகாது.

(ஆ) சிற்றிதழ் முடிவு. மணிமேகலை கரண்டியை வீசியெறிந்து, "சாறு உங்கள் வரலாறு, சாக்கடை என் விடுதலை" என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறாள். எங்கே போவாள்? பண்டிகையன்று பஸ் கூட்டத்தில் நின்றுகொண்டு சாத்தூருக்கா? சிற்றிதழில் அதையெல்லாம் கேட்கக்கூடாது.

(இ) பரிசுக்கு அனுப்பும் முடிவு. சாக்கடையில் போன கட்டு ஏரியில் கலந்து, ஏரி முழுக்கச் சாறாகக் கொதிக்கிறது, ஊரே டம்ளரோடு

மூன்றையும் மணிமேகலைக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். "எங்க அத்தை அப்பிடியெல்லாம் கட்டிப்புடிக்கிற ஆளு இல்ல சார்" என்றாள். மற்ற இரண்டைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, மரியாதைக்காகத்தான் இருக்கும்.

8

நடந்தது இதுதான். சரோஜம்மாள் சமையலறைக் கதவைச் சாத்தினார். குக்கரில் புதிதாக ஒரு கை துவரம்பருப்பு, அதற்குத் துளியும் பொருந்தாத அளவு தண்ணீர்.

"நீ வாயத் தொறக்காத. நானும் தொறக்கல" என்றார் மருமகளிடம். பாசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சாறு இல்லையென்றால், வலுக்கட்டாயமாகக் கூட்டிவந்த குற்றத்துக்குப் பேரிகை வரை பேச்சு வாங்கப்போவது அவர்தான். ஆனால் தொட்டியில் ஒட்டியிருந்த மஞ்சள் கறையைத் தன் கையாலேயே கழுவிவிட்டார் என்று மணிமேகலை சொன்னாள். அதையும் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

மூட்டையில் இருந்த பருப்பு, கல்லாக இறுகிக் கிடந்தாலும் வெல்லம் சேர்த்ததும் அருமையான பூரணமானது. யாரும் பாராட்டவில்லை. பாராட்டக்கூடிய நேரமும் இல்லை.

குக்கர் விசில் அடித்தது. டிவி சத்தத்தையும் மீறி அடித்தது.

"என்னடா விசிலு?" என்றார் நாராயணப்பன்.

"பக்கத்து வூட்ல அப்பா."

"ம். அவங்க வூட்லயும் இப்பத்தான் பருப்பு வேகுதா."

[தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? எனக்குத் தெரியாது. இந்த வரியைப் பதின்மூன்று விதமாக எழுதிப் பார்த்த ஒரு மேதாவி நான். எந்த விதத்திலும் அவர் மனசுக்குள் போக முடியவில்லை.]

இலை போட்டார்கள். சித்ரான்னம் ஒரு கவளம், கோசம்பரி, பிறகு சோறு. ஒப்பட்டு அவர் இலையைத் தாண்டிப் போனது. சாறு ஊற்ற வேண்டிய நேரம் வந்ததும் சரோஜம்மாள் கிண்ணத்தை மருமகள் கையில் திணித்தார். மணிமேகலை ஊற்றினாள். அவர் பிசைந்தார். ஒரு வாய். இன்னொரு வாய். டிவியில் மகர ராசிக்கு வாகன யோகம் என்றார்கள்.

நாராயணப்பன் நிமிர்ந்தார்.

"உப்பு" என்றார்.

9

கதை இங்கே நிற்கிறது. தள்ளித் தள்ளிப் பார்த்தேன், நகர மாட்டேன் என்கிறது.

உப்பு. தமிழிலும் உப்புதான், தெலுங்கிலும் உப்புதான், கன்னடத்திலும் உப்புதான். அன்று காலை அந்த வீட்டில் அகராதி தேவைப்படாத ஒரே வார்த்தை அது. அது என்ன சொல்கிறது என்று யாருக்காவது தெரிந்ததா? கூடிவிட்டது என்கிறாரா, குறைகிறது என்கிறாரா? இது என் வீட்டுச் சாறு இல்லை, எனக்குத் தெரியும் என்கிறாரா? இல்லை, சும்மா உப்பைக் கொண்டா என்கிறாரா?

விடவில்லை நான். மணிமேகலையைத் துளைத்தெடுத்தேன். நீ பிறகு சாப்பிட்டாயே, உப்பு எப்படி இருந்தது என்றேன். "எனக்கு நாக்கே வேல செய்யல சார்" என்றாள். அத்தை என்ன சொன்னார் என்றேன். "சரியா இருக்குன்னாங்க. வச்சவங்க வேற என்ன சொல்லுவாங்க?" நவீன்குமாரைக் கேட்டேன். அளவு எடுக்காமல் கருத்துச் சொல்ல முடியாது என்றான்.

பாஸ்கரன் போன் செய்து, மாமனார் சிரித்தாரா என்றாவது போடுங்கள் என்கிறார். போட மாட்டேன். அவள் உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் இலைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும். சாப்பாடு முடிந்து பேரிகைக்கு எப்போது கிளம்பினார்கள், சொல்லிக்கொண்டு கிளம்பினாரா என்பதெல்லாம் தெரிந்தாலும் எழுதுவதாக இல்லை. உப்பைப் போடுவதா, வேண்டாமா? டப்பா இப்போது உங்கள் கையில். நீங்களே முடிவு செய்யுங்கள்.

கடைசியாக ஒருமுறை அவளிடம் கேட்டுப் பார்த்தேன். கூடவா, குறைச்சலா, குரலில் கோபம் இருந்ததா, எதையாவது சொல் என்றேன். எழுத்தாளன் என்று பெயர் வைத்துக்கொண்டு இவ்வளவு மக்காக இருக்கிறானே என்பது போல என்னைப் பார்த்தாள்.

"திரும்பத் திரும்ப உப்பையே கேக்குறீகளே சார்" என்றாள் மணிமேகலை. "பக்கத்துலதான் அவரு மகன் உக்காந்திருந்தாரு. எதுத்தாப்புல அத்தை நின்னாங்க. அவரு என்னப் பாத்துச் சொன்னாரு."