யுசுஊர் எங்கே இருக்கிறது?

அரைமில்லி என்று அவருக்குப் பெயர் வைத்தவர்கள் மேஸ்திரிகள். சுவர் அரை மில்லிமீட்டர் விலகி நின்றால் மனிதர் தானும் சாப்பிடமாட்டார், மற்றவர்களையும் சாப்பிட விடமாட்டார். கட்டடங்களுக்குப் பிளான் போடுவது தொழில். இருபத்திரண்டு வருடம் ஒரு பெரிய ஆபீசில் உட்கார்ந்து வரைந்து தள்ளினார். என்ன வரைந்து என்ன, தாளின் வலது மூலைக் கட்டத்தில் முதலாளியின் பெயர்தான் இருக்கும். போன வருடம் ஒருநாள் பொறுத்தது போதும் என்று எழுந்து வந்து, வீட்டின் முன்னறையில் ஒரு மேசை, ஒரு கணினி, வாசலில் ஒரு பெயர்ப்பலகை என்று தனியாகக் கடை விரித்துவிட்டார்.

பத்து மாதம் யாருடைய அலமாரியோ, யாருடைய மதில்சுவரோதான் வந்தது. பதினோராவது மாதம் ஒரு முழுக் கட்டடம் வந்தது. தையற்கடை நடத்தும் ஓர் அம்மாள், சொந்த மனையில் கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்ட நினைத்தார். பிளானைச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கொண்டுவர வேண்டும். பிடித்தால் அங்கேயே கையெழுத்து, பிடிக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். அரைமில்லி வரைந்து முடித்தார். வலது மூலைக் கட்டத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக, தன் பெயரை அடித்தார். அடித்துவிட்டு அதையே ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மனைவி பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள்.

அப்போது பார்த்துத்தான் கணினி மக்கர் செய்தது. ஒரு கோடு போட்டால், அந்தக் கோடு திரைக்கு வருவதற்குள் முகம் கழுவிவிட்டு வந்துவிடலாம். இந்த இயந்திரம் பழசு, புதிய பதிப்பைத் தாங்காது என்று திரையில் ஓர் எச்சரிக்கைப் பெட்டி வந்து வந்து நின்றது. வேறு வழியில்லாமல் சகலையைக் கூப்பிட்டார்.

சகலை என்றால் மனைவியின் தங்கை புருஷன். வீட்டில் அவருக்குப் பெங்குவின் என்று பெயர். விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடுகிற லினக்ஸ் என்றால் பைத்தியம். லினக்ஸின் சின்னமான அந்தப் பறவையை வண்டியில், தண்ணீர் பாட்டிலில், தலைக்கவசத்தில் எல்லாம் ஒட்டிவைத்திருப்பார். யார் வீட்டில் என்ன கோளாறு என்றாலும் அவரிடம் ஒரே மருந்துதான். மாமியாருடைய தொலைக்காட்சிப் பெட்டிக்கே லினக்ஸ் போடப் பார்த்து, இரண்டு மாதம் அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டாமல் இருந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பென்டிரைவோடு வந்து இறங்கிவிட்டார். லினக்ஸ் போட்டு ஒரு மணிநேரத்தில் பழைய கணினி இளவட்டம் போலத் துள்ளியது.

"ஒண்ணே ஒண்ணு சகல. உங்க வரையற சாஃப்ட்வேர் இதுல நேரா ஓடாது. வைன் போட்டாத்தான் ஓடும்."

அடுக்களையில் இருந்த மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "காலங்காத்தால ரெண்டு பேருக்கும் என்ன பேச்சு இது?"

"ஐயோ, அது ஒரு சாஃப்ட்வேர் பேரு அண்ணி. இது பேசறது அதுக்குப் புரியாது, அது பேசறது இதுக்குப் புரியாது. நடுவுல நின்னு ரெண்டுக்கும் எடுத்துச் சொல்றதுதான் வைன்."

"உங்க சகலைக்கும் எங்க அம்மாவுக்கும் நடுவுல நான் நிக்கறேனே, அந்த மாதிரி."

"அதேதான் அண்ணி."

"பாவம், பேரையாவது கொஞ்சம் மரியாதையா வச்சிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலை அரைமில்லி பிளானைத் திறந்தார். சுவர்கள் இருந்தன, கதவுகள் இருந்தன, அளவுகள் அரை மில்லி பிசகவில்லை. தமிழைத்தான் காணோம். சமையலறை இருந்த இடத்தில் வாய்க்கு வராத ஆங்கில எழுத்துகள். எழுத்துக் கூட்டிப் படித்தால் 'ரிகாயிவ்' என்றது. மேல்மாடி அறைகள் எல்லாம் 'மிவ்' 'மிவ்' என்று பூனைக்குட்டி போலக் கத்தின. மூலைக் கட்டத்துக்கு ஓடினார். இருபத்திரண்டு வருடம் காத்திருந்த பெயர் அங்கே நாலு அரைப்புள்ளியும் ஏழெட்டு ஆங்கில எழுத்துமாகச் சிதறிக் கிடந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் மேல்தான் தப்பு, கணினி மேல் இல்லை. இன்னமும் பழைய தமிழ் எழுத்துருவில்தான் அடிப்பார். அதில் எஃப் தட்டினால் 'க' வரும், ஜி தட்டினால் 'ப' வரும். உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டும். புதிதாகப் போட்ட லினக்ஸில் அந்த எழுத்துரு இல்லை, முகமூடி கழன்றுவிட்டது.

பெங்குவின் பாதி வேலையில் ஓடி வந்தார். "இவ்ளோதானா சகல? பழைய எழுத்துருவைப் போட்டா அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும்."

"போடுங்க, போடுங்க."

போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பெங்குவினுக்குச் சும்மா இருக்க முடியாதே. "எத்தனை நாளைக்கு சகல இந்த முகமூடி? எல்லாத்தையும் எங்க திறந்தாலும் தமிழாவே தெரியற யூனிகோடுக்கு மாத்திடலாம். ஒரே வரிக் கட்டளை." அந்த ஒரே வரியைப் பத்து விரலாலும் தட்டினார், ஒரு தட்டு பலமாகத் தட்டி முடித்தார். ரிகாயிவ் சமையலறை ஆனது. மிவ் எல்லாம் அறை ஆனது. மூலைக் கட்டத்தில் பெயர் முத்து முத்தாக வந்து நின்றது.

அரைமில்லி பெயரைப் பார்த்தார். பெயருக்குக் கீழே பார்க்கவில்லை. அரை மில்லியைக் கண்டுபிடிக்கிற கண்ணில் அப்போது தண்ணீர் நின்றது. "அனுப்பிடுங்க சகல," என்றார். பிரிண்ட் கடைக்குப் போனது, பெரிய தாளில் வந்தது, சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டாயிற்று.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு இரண்டு சகலைகளும் தையற்கடையில் நின்றார்கள். அது அகலம் குறைந்த நீளமான கடை. ஐந்து தையல் இயந்திரங்கள், நடுவில் ஒரு வெட்டுமேசை. கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டிருந்த அம்மாள், வெட்டிக்கொண்டிருந்த துணியை ஒதுக்கிவிட்டு பிளானை விரித்து, நாலு மூலைக்கும் கத்தரிக்கோல், சாக்பீஸ் டப்பா, நூல்கண்டு, இஸ்திரிப்பெட்டி என்று வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வலது மூலையிலிருந்து ஆரம்பித்தார். பெயரைச் சரியாகப் படித்தார். அரைமில்லிக்கு நெஞ்சு விம்மியது.

"அதுக்குக் கீழ என்ன சார், டீ... யுசுஊர்?" என்றார் அம்மாள். "யுசுஊர் உங்க சொந்த ஊரா? எங்க இருக்கு?"

அரைமில்லி குனிந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பெங்குவின் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு அவர் காதில் கிசுகிசுத்தார். "பி.ஆர்க், சகல. உங்க டிகிரி. பி போய் டீ ஆயிடுச்சு. நான் தமிழ், இங்கிலீஷ்னு பாக்காம எல்லாத்தையும் ஒரே அடியா மாத்தித் தொலைச்சிட்டேன்."

"ஊர் இல்ல மேடம், படிப்பு," என்றார் அரைமில்லி.

"ஓ, வெளிநாட்டுப் படிப்பா," என்று மரியாதையோடு தலையாட்டிவிட்டு அம்மாள் அடுத்த இடத்துக்குப் போனார். "இது என்ன, வுசுஐயுடு?"

"டிரையல் ரூம் மேடம். துணி போட்டுப் பாக்கற ரூம்."

"ளுவுழுசுநு?"

"ஸ்டோர்," என்றார் பெங்குவின், பள்ளிக்கூடத்தில் கேள்விக்குப் பதில் சொல்வது போல.

"இந்த வுழு... வுழுஐடு..." அம்மாளுக்கு மூச்சு வாங்கியது. இயந்திரங்களில் இருந்த பெண்கள் தைப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"டாய்லெட்," என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

அரைமில்லியின் கை தாளின் ஓரத்துக்குப் போனது. பிளானைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. "மேடம், எழுத்துதான் கொஞ்சம் மாறிப்போச்சு. சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணி..."

"எழுத்தை விடுங்க சார்." அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கோடு இருக்குல்ல, அது போதும். நான் தினம் பாக்கறது கோடுதானே." சாக்பீஸை எடுத்து, பிளானில் தெருவாசலுக்கு மேலே பிடித்து, தாளில் படாமல் நேரே இழுத்துக்கொண்டு போனார். அது நேராக வுசுஐயுடுவின் கதவில் போய் நின்றது. "தெருக்கதவும் திறந்து, இந்தக் கதவும் திறந்தா, உள்ள துணி மாத்தறவங்க ரோட்டுல போறவனுக்குத் தெரிவாங்களே."

அரைமில்லி பார்த்தார். தெரிவார்கள்தான்.

"அகலம் எவ்ளோ இது? முக்கால் மீட்டரா?" டேப்பைக் கழுத்திலிருந்து உருவி, பக்கத்தில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டு, "கையைத் தூக்கு, ரவிக்கை கழட்டற மாதிரி," என்றார். முழங்கைக்கு முழங்கை அளந்தார். அவள் முழங்கை இரண்டு பக்கமும் சுவரில் இடிக்கும் என்று டேப் சொன்னது. அடுத்து ஸ்டோர். துணி உருட்டு உள்ளே போகும், திரும்பாது. அடுத்து டாய்லெட். கதவைத் திறந்தால் வெட்டுமேசையில் நிற்பவர் முகத்தில் முழிக்க வேண்டும்.

"மத்ததெல்லாம் நல்லா இருக்கு சார்," என்றார் அம்மாள். பொய் சொல்கிற குரல் இல்லை அது. "மேசைக்கு வெயில் அடிக்காத வடக்கு வெளிச்சம் விட்டிருக்கீங்க. மாடிப்படி என் முட்டிக்குத் தகுந்த மாதிரி தணிவா இருக்கு. கேக்காமலே செஞ்சிருக்கீங்க. ஆனா இந்த மூணு மட்டும் சேரல. என் கடையில அஞ்சு பேர் வெட்டறாங்க. சட்டையை உள்பக்கம் திருப்பிப் பாத்தா யார் வெட்டினதுன்னு சொல்லிடுவேன். இந்த மூணும் வேற கை வெட்டினது. இல்லையா?"

அரைமில்லிக்குச் சுரீர் என்றது. உண்மைதான். கட்டடம் முழுக்க அவரே யோசித்து வரைந்தது, அறைகளின் பெயரும் அவரே தமிழில் அடித்தது. இந்த மூன்றை மட்டும் அவர் வரையவில்லை. பெரிய ஆபீசில் எவரோ எந்தக் காலத்திலோ வரைந்து, ஆங்கிலத்தில் பெயர் எழுதி, எல்லாக் கட்டடத்திலும் அப்படியே தூக்கி ஒட்டிக்கொண்டிருந்த ரெடிமேட் அறைகள் அவை. டிரையல் ரூம்தானே, டாய்லெட்தானே என்று அவரும் கை பழகிய பழக்கத்தில் எடுத்து ஒட்டிவிட்டார். அவர் வரைந்த அறைகளில் எல்லாம் தமிழ் ஒழுங்காக வந்திருந்தது. ஒட்டிய அறைகளில் மட்டும் ளுவுழுசுநு என்று இளித்தது. தன் பெயரை நாலு தடவை பார்த்தவர் அந்தக் கதவை ஒரு தடவை பார்க்கவில்லையே என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஆமாம் மேடம். அது என்னுது இல்ல."

அம்மாள் டேப்பை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டார். கையெழுத்துப் போட எடுத்துவைத்திருந்த பேனாவை மூடினார். அரைமில்லிக்கு உலகமே முடிந்துபோனது.

"வியாழக்கிழமை வாங்க," என்றார் அம்மாள். "முழுக்க உங்க கையா இருந்தா போடறேன். வேற ஆளை அதுவரைக்கும் பாக்கல."

வெளியே வந்து பெங்குவின் வண்டிச் சாவியை எடுத்தார். தலையைச் சொறிந்துகொண்டு, "எல்லாம் என் தப்பு சகல," என்றார். "மானத்தை வாங்கிட்டேன். இப்பவே வீட்டுக்கு வந்து அந்த மூணையும் பழையபடி இங்கிலீஷ்ல மாத்திக் குடுத்துடறேன். ஒரே வரிதான்."

"எழுத்துல கை வைக்காதீங்க. மூணு ரூமையும் அழிங்க."

"அழிச்சிட்டு?"

"அழிச்சிட்டு எந்திரிச்சு எனக்கு நாற்காலியைக் குடுங்க," என்றார் அரைமில்லி. "நான் வரையணும்."